முத்திரைத்தாளும் எழுதாத பதிவேடும்: கடற்கரைக் கால்பந்து கிளப் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குமரி மாவட்டத்தில் தேங்காப்பட்டணம் தொட்டு நீரோடி வரையுள்ள கடற்கரையில் கால்பந்து ஆடாத ஊரைப் பார்ப்பது கஷ்டம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கமிருந்து சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்கு ஆடியவர்கள் இருக்கிறார்கள். கால்பந்தை வைத்தே வேலை வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இவர்களை முதலில் பந்து பிடிக்கப் பழக்கியது ஊர் கிளப்புகள்தான். பகலில் கடல் தொழிலோ வேறு வேலையோ பார்த்துவிட்டுச் சாயங்காலம் மைதானத்துக்கு வருகிற ஒருவர்தான் கோச். பந்தும் ஜெர்சியும் வெளிநாட்டில் தொழில் செய்யும் ஊர்க்காரர்கள் அனுப்பும் பணத்தில் வரும். வெளியூர் டூர்னமென்ட்டுக்குப் போகும் வண்டிக்கூலி, போன டூர்னமென்ட்டில் கிடைத்த பரிசுத் தொகையிலிருந்து வரும்.

அப்படிப்பட்ட ஒரு கிளப்பில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஊர், கிளப், ஆட்டக்காரப் பையன், ஏஜென்ட், பையனை எடுத்த தொழில்முறை கிளப் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. நான் குழித்துறையில் வக்கீலாக இருக்கிறேன். கிளப் செயலாளரும் பையனுடைய அம்மாவும் சேர்ந்து வந்து கேட்டதால் இந்த விஷயத்தை நடத்தினேன்.

பையன் 2005 மார்ச்சில் பிறந்தவன். 2015-ல் கிளப்பில் சேர்ந்தான். 2021 முடியும் வரை அங்கேதான் ஆடினான். அப்பாவுக்கு வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. வீட்டுப் பொறுப்பு முழுக்க அம்மாவிடம்.

2021 டிசம்பர்: முத்திரைத்தாள்

ஊருக்கு வெளியே நடந்த ஒரு டூர்னமென்ட்டில் பையன் ஆடியதை ஒருவர் பார்த்தார். தன்னை ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். வெளிமாநில அகாடமி ஒன்றில் டிரயல் வாங்கித் தருவதாகச் சொன்னார். இரண்டாம் முறை வந்தபோது கையில் முத்திரைத்தாள் இருந்தது. நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். அம்மாவிடம் "கார்டியன்" என்ற இடத்திலும், பையனிடம் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சாட்சிகள் இருவரும் அவருடன் வந்தவர்கள். நகல் எதுவும் கொடுக்கவில்லை. அம்மாவின் முதுகுப்புறம் நின்று போனில் படம் எடுத்து வைத்த பையனின் அக்காவால்தான் அந்த நான்கு பக்கமும் பின்னால் நமக்குக் கிடைத்தன.

"கையொப்பு போட்டாத்தான் மோனை டிரயலுக்குக் கொண்டு போவேன்னு சொன்னாரு சார். எனக்க மோனுக்கு வந்த வாய்ப்பை நான் கெடுக்கக் கூடாதில்லியா?" அம்மா என்னிடம் சொன்னது இது.

தாளில் இருந்தவற்றில் முக்கியமானவை: பையனுக்கு 25 வயது ஆகும் வரை கால்பந்தால் வரும் எல்லா வருமானத்திலும் நூற்றுக்கு 25 ஏஜென்ட்டுக்கு. அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்த கிளப்போடும் ஒப்பந்தம் போடக் கூடாது. மீறினால் பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு. ஏஜென்ட் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு வரி: "முயற்சி செய்வார்."

டிரயல் நடந்தது உண்மை. பையன் தேர்வானதும் உண்மை. 2022 தொடக்கத்தில் அகாடமியில் சேர்ந்தான். ஏஜென்ட் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அதைப் பின்னால் முடிவெடுக்கும்போது கணக்கில் வைத்தோம்.

2023: பதினெட்டு வயதும் இரண்டாவது தாளும்

2023 மார்ச்சில் பையனுக்குப் பதினெட்டு முடிந்தது. ஜூலையில் ஒரு தொழில்முறை கிளப்போடு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டான். அகாடமி நேரடியாகப் பேசி முடித்த ஒப்பந்தம் அது. ஆகஸ்டில் ஏஜென்ட் ஒரு பக்கத் தாள் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பழையதை உறுதி செய்கிற சாதாரண ஃபார்மாலிட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்றார்.

பையன் கையெழுத்துப் போடவில்லை. தன் பழைய கோச்சுக்கு அதைப் படமாக அனுப்பி, "அண்ணா, இதுல ஒப்பு போடட்டா?" என்று கேட்டான். கோச்சுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, ஆனால் "போடாதே, முதலில் விசாரிக்கிறேன்" என்று சொல்லத் தெரிந்திருந்தது. இந்த விவகாரம் முழுவதிலும் பையனைக் காப்பாற்றியது அந்த ஒரு பதில்தான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தாள் திரும்பி வராததால் நவம்பரில் ஏஜென்ட் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒன்று பையனுக்கு, இன்னொன்று தொழில்முறை கிளப்புக்கு. சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கை நேராகத் தனக்கு அனுப்ப வேண்டும் என்பது கோரிக்கை. வம்பு வேண்டாம் என்று நினைத்த கிளப் அந்தப் பங்கை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைத்தது. அதற்கப்புறம்தான் அம்மாவும் செயலாளரும் என்னிடம் வந்தார்கள்.

தாளை வாசித்தபோது கண்டது

முதல் தாள் சட்டப்படி நிற்காது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 11-ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்பவர் வயது நிரம்பியவராக இருக்க வேண்டும் என்கிறது. மைனர் போட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-ல் மோஹரி பீபி வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்துச் சொல்லிவிட்டது. இன்றுவரை அதுதான் சட்டம்.

அம்மா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்று செயலாளர் கேட்டார். நல்ல கேள்வி. மைனரின் சொத்து விஷயத்தில் கார்டியன் செய்யும் சில ஒப்பந்தங்கள் செல்லும். ஆனால் மைனர் தன் உடலால் செய்ய வேண்டிய வேலைக்குக் கார்டியன் ஒப்பந்தம் போட்டுக் கட்ட முடியாது. ராஜ் ராணி எதிர் பிரேம் அதீப் வழக்கு இதைச் சொல்கிறது. மைனர் பெண் ஒருவர் சினிமாவில் நடிக்க அவருடைய அப்பா போட்ட ஒப்பந்தம் அது. அதைச் செயல்படுத்த முடியாது என்றது பம்பாய் உயர் நீதிமன்றம்.

அப்படியானால் இரண்டாவது தாள் எதற்கு? அதில்தான் ஆபத்து இருந்தது. மைனராக இருந்தபோது போட்டதைப் பதினெட்டு வயதுக்குப் பின் வெறுமனே "உறுதி செய்ய" முடியாது. இல்லாத ஒன்றை உறுதி செய்வது எப்படி? ஆனால் புதிய ஒப்பந்தம் போடலாம். அந்த ஒரு பக்கத் தாளின் நடுவில் "இனிமேல் அளிக்கவிருக்கும் சேவைகளுக்காக" என்று ஒரு வரி இருந்தது. அதாவது தலைப்பு உறுதிப்பத்திரம், உள்ளே இருந்தது புது ஒப்பந்தம். பையன் கையெழுத்துப் போட்டிருந்தால் வயது நிரம்பியவர் தெரிந்தே செய்த ஒப்பந்தம் என்று வாதாட ஏஜென்ட்டுக்கு வழி கிடைத்திருக்கும்.

மூன்றாவதாக ஒரு வாதமும் இருந்தது. 2006-ல் பெர்செப்ட் டிமார்க் நிறுவனத்துக்கும் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வீரரைக் கட்டிப்போடும் விதி, ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நம் தாளில் இருந்த தடை ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே செயல்படுவது. அந்தத் தீர்ப்பு நேராகப் பொருந்தாது. ஆகவே அதை முதல் வாதமாக வைக்கவில்லை. பத்து லட்சம் நஷ்டஈடு என்று எழுதியிருப்பதும் அப்படியே கிடைக்காது. அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான தொகையைத்தான் கொடுக்கும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே.

இன்னொன்றும் பார்த்தோம். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் புதிய ஏஜென்ட் விதிகள் 2023 அக்டோபர் 1 முதல் உரிமம் பெற்றவர்களே ஏஜென்ட் வேலை செய்யலாம் என்கின்றன. உரிமம் பெற்றவர்களின் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம். நம் ஏஜென்ட் பெயரைத் தேடினோம், இல்லை.

ஏஜென்ட் விஷயத்தில் எடுத்த முடிவு

முந்திக்கொண்டு வழக்குப் போட்டு, தாள் செல்லாது என்று நீதிமன்றமே அறிவிக்கும் விளம்புகைத் தீர்ப்பு வாங்கலாமா என்று யோசித்தோம். வேண்டாம் என்று முடிவு செய்தோம். சிவில் வழக்கு எத்தனை ஆண்டு இழுக்கும் என்பது குழித்துறை நீதிமன்ற வாசலில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். பையனுக்கு அது முதல் சீசன். வாய்தாவுக்கு வருவானா, ஆட்டத்துக்குப் போவானா? வழக்குப் போடுகிற சுமை ஏஜென்ட்டிடமே இருக்கட்டும் என்று விட்டோம்.

பதில் நோட்டீஸ் டிசம்பரில் போனது. முதல் தாள் செல்லாது, இரண்டாவது தாளில் கையெழுத்தே இல்லை, உரிமப் பட்டியலில் பெயர் இல்லை என்ற மூன்றையும் சொன்னோம். அதன் நகலைத் தொழில்முறை கிளப்புக்கும் அனுப்பி, மூன்றாமவர் கேட்டார் என்பதற்காக ஒருவரின் சம்பளத்தைப் பிடித்து வைக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்பதை மரியாதையாகவே எழுதினோம்.

அந்த நோட்டீஸில் நாலாவதாக ஒரு பத்தி சேர்ந்தது அம்மாவால்தான். "டிக்கெட் எடுத்துக் கொடுத்தாரு, பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாரு. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கணும் சார்" என்றார். சட்டமும் இதற்கு முற்றிலும் எதிராக இல்லை. மைனருக்கு அவசியமானவற்றை வாங்கிக் கொடுத்தவர் அதற்கான தொகையை மைனரின் சொத்திலிருந்து பெறலாம் என்று ஒப்பந்தச் சட்டம் 68-ஆம் பிரிவு சொல்கிறது. எனவே ரயில் கட்டணம், தங்கிய செலவு, பூட்ஸ் விலை ஆகியவற்றுக்கு பில் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று எழுதினோம். அம்மா அதற்கென்று பணத்தைத் தனியாகவும் எடுத்து வைத்தார். பில் எதுவும் வரவில்லை.

2024 ஜனவரியில் தொழில்முறை கிளப் நிறுத்தி வைத்த தொகையைப் பையனின் கணக்கில் போட்டது.

கிளப் கேட்ட பங்கு

இது முடிகிற நேரத்தில் ஊர் கிளப்பில் வேறொரு பேச்சு கிளம்பியிருந்தது. "ஆறேழு வருஷம் பயிற்சி கொடுத்தது நாங்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லையா?" நியாயமான ஆதங்கம். உலகக் கால்பந்துச் சட்டமும் இதை நியாயம் என்றே ஏற்கிறது.

ஃபிஃபாவின் ஆட்டக்காரர் மாற்ற விதிகளில் ஒற்றுமைப் பங்கு என்று ஒன்று உண்டு. ஒரு ஆட்டக்காரர் பணம் கொடுத்து ஒரு நாட்டு கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாறும்போது, அந்தத் தொகையில் நூற்றுக்கு 5 எடுத்து, அவருடைய 12 வயதுப் பருவம் முதல் 23 வயதுப் பருவம் வரை அவரைப் பதிவு செய்து பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு பருவத்துக்கும் அந்தப் பங்கில் 5 சதவீதம், 16-லிருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் 10 சதவீதம்.

நம் பையன் நாளை ஒரு கோடி ரூபாய்க்கு வெளிநாட்டு கிளப்புக்குப் போனால் என்ன ஆகும் என்று செயற்குழுவில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒற்றுமைப் பங்கு 5 லட்சம். 2017 முதல் 2020 வரை நான்கு பருவத்துக்குத் தலா 25,000. 2021-க்கு 50,000. மொத்தம் 1,50,000. ஊர் கிளப்புக்கு இது இரண்டு ஆண்டு பந்தும் வண்டிக்கூலியும்.

ஆனால் அவன் போட்டது உள்நாட்டு கிளப்போடு முதல் ஒப்பந்தம். உள்நாட்டு மாற்றங்களுக்கு அந்தந்த நாட்டுக் கூட்டமைப்பின் விதிகள்தான். இளம் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் பலன் கிடைக்கும்படி அந்த விதிகள் இருக்க வேண்டும் என்று ஃபிஃபா சொல்கிறது. அந்த வாக்கியத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: கூட்டமைப்போடு இணைந்த கிளப்புகளுக்கு.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மையப் பதிவு முறையில் ஆட்டக்காரரின் பெயர் கிளப் பெயரோடு ஏறினால்தான் அவருடைய பாஸ்போர்ட் எனப்படும் ஆட்ட வரலாற்றில் அந்த கிளப் வரும். நம் பையனின் வரலாறு 2022-ல், அகாடமியில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

செயலாளர் கிளப் அறையிலிருந்த டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜையில் திறந்தார். டூர்னமென்ட் சான்றிதழ்கள், ஜெர்சி வாங்கிய பில்கள், கொடி, குழாய் விசில், ஒரு நீள நோட்டு. நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆடியவர்கள் பட்டியல் இருந்தது. ஆனால் எல்லாம் பட்டப்பெயர். பையனுக்கும் ஒரு பட்டப்பெயர்தான். சான்றிதழ்களில் ஞானஸ்நானப் பெயர் ஒரு மாதிரி, பள்ளிக்கூடப் பெயர் ஒரு மாதிரி, இன்ஷியல் இரண்டு விதம். தேதியோடு அவன் முகம் தெரிந்த ஒரே ஆதாரம் 2018-ல் எடுத்த ஒரு குழுப் படம். பின்னால் தொங்கிய பிளெக்ஸில் டூர்னமென்ட் தேதி அச்சாகியிருந்தது.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொன்னார்கள். நான் மறுத்தேன். இருக்கிற ஆதாரங்களின் நகலோடு தொழில்முறை கிளப்புக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் மட்டும் அனுப்பினோம். ஒரு மாதத்தில் பதில் வந்தது. பயிற்சி கொடுத்ததை அவர்கள் சந்தேகிக்கவில்லை. ஆனால் பதிவில் இல்லாத, இணைப்பு இல்லாத கிளப்புக்குக் கொடுக்க விதியில் இடம் இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

பாண்ட் வேண்டும் என்ற வாதம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து பங்கு மண்டபத்தில் கிளப் கூடியது. நானும் போயிருந்தேன். மூத்த உறுப்பினர்கள் சிலர் வைத்த தீர்மானம்: இனிச் சேரும் ஒவ்வொரு பையனிடமும் பாண்ட் வாங்க வேண்டும், வெளியே ஒப்பந்தம் கிடைத்தால் ஐந்தாண்டுக்குச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு கிளப்புக்கு.

அவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை. அதில் இருவர் தங்கள் கைக்காசைப் போட்டு வண்டி பிடித்துப் பையன்களை டூர்னமென்ட்டுக்குக் கூட்டிப் போனவர்கள். ஆனாலும் நான் கடுமையாகவே எதிர்த்தேன். பன்னிரண்டு வயதுப் பையனிடம் வாங்கும் பாண்டும் ஏஜென்ட் வாங்கிய தாளும் சட்டத்தின் முன் ஒன்றுதான், இரண்டும் செல்லாது. செல்லாது என்று தெரிந்தே வாங்குவது, படிக்கத் தெரியாத அம்மா ஒருவரைப் பயமுறுத்தி வைப்பதற்காக மட்டும்தான். ஊரில் ஒருவர் அதைச் செய்தபோது நமக்குக் கோபம் வந்தது. நாமே செய்தால் மட்டும் எப்படிச் சரியாகும்? பயிற்சிக்கான பங்கைக் கொடுக்க வேண்டியது பையனை எடுக்கிற கிளப். பையனுடைய சம்பளத்தில் கை வைக்க உலகக் கால்பந்து விதியும் வழி சொல்லவில்லை.

பேச்சு சூடாகி, மதியம் வரை நீண்டது. கடைசியில் கோச் எழுந்து, "எனக்குப் பங்கு வேண்டாம், எனக்க பேரு அந்தப் பாஸ்போர்ட்டுல வந்தா போதும்" என்றார். தீர்மானம் கைவிடப்பட்டது. பதிலாக கிளப்பைச் சட்டப்படி நிமிர்த்துவது என்று முடிவானது.

சங்கத்தைச் சீர்செய்தது

கிளப் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவானதுதான். பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதற்குப் பின் ஒரு தாளும் பதிவாளரிடம் போகவில்லை. செயற்குழுவின் பதவிக் காலம் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம். இங்கே இருந்த குழு எப்போது தேர்வானது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நிர்வாகிகள் மாறினால் படிவம் 7-ல் தெரிவிக்க வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். எதுவும் நடக்கவில்லை.

வங்கிக் கணக்கு இன்னொரு சிக்கல். சங்க விதிப்படி பங்குத்தந்தை தலைவர், அவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பங்குத்தந்தைகளுக்கு மாற்றல் வந்துகொண்டே இருக்கும். கணக்கில் இருந்ததோ பல பங்குத்தந்தைகளுக்கு முன்னால் இருந்தவரின் கையெழுத்து. பரிசுத் தொகை எல்லாம் கையில் வாங்கி, கையிலேயே செலவானதற்குக் காரணம் இதுதான். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை என்று காட்டவும் வழியில்லை.

2024 ஜூனில் முறைப்படி அறிவிப்புக் கொடுத்துப் பொதுக்குழு கூட்டினோம். பங்குத்தந்தை தாமாகவே புரவலர் பொறுப்புக்கு மாறிக்கொண்டார், தலைவர் தேர்தலில் வருபவர் என்று விதி திருத்தப்பட்டது. விடுபட்ட ஆண்டுகளுக்கான தாக்கல்களைத் தாமதக் கட்டணத்தோடு மார்த்தாண்டத்தில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தோம். இரண்டு முறை குறை சொல்லித் திருப்பினார்கள், மூன்றாம் முறை ஏற்றார்கள். அந்தத் தாள்களை வைத்து மாவட்ட அளவில் இணைப்புக்கு விண்ணப்பித்து, 2025-ல் அதுவும் கிடைத்தது.

இதே நிலைமை மறுபடி வந்தால்

பையன் சேரும் முதல் நாளே பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதாரில் உள்ளபடி பெயர், பெற்றோர் கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவம் மூன்றும் வாங்கச் சொல்வேன். பட்டப்பெயர் மைதானத்தில் இருக்கட்டும், நோட்டில் வேண்டாம். சீசன் தொடங்கும் முன் பன்னிரண்டு வயது ஆனவர்களை எல்லாம் மையப் பதிவில் ஏற்ற வேண்டும். கொரோனாவால் 2020-ல் ஆட்டமே நடக்காவிட்டாலும், பதிவு இருந்திருந்தால் அந்தப் பருவமும் கணக்கில் வந்திருக்கும்.

ஏஜென்ட் யாராவது வந்தால், நகல் கொடுக்காத தாளில் கையெழுத்து இல்லை என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும். பதினெட்டு வயது முடிந்த உடனே வரும் தாளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

பதில் நோட்டீஸை ஆகஸ்டிலேயே, இரண்டாவது தாள் வந்தபோதே அனுப்பியிருந்தால் சம்பளப் பிடித்தம் வந்திருக்காது. கோச் விசாரிக்கத் தொடங்கியதற்கும் தாள் வக்கீல் கைக்கு வந்ததற்கும் நடுவே மூன்று மாதம் போய்விட்டது. ஊரில் இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்போது கிளப் அறையில் ஒரு பொறுப்பாளர் பெயர் ஒட்டியிருக்கிறது.

இப்போதைய நிலை

பையனின் முதல் ஒப்பந்தம் 2025-ல் முடிந்தது. இரண்டாவது ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் வாசிக்க அனுப்பினான். இரண்டு விதிகளை மாற்றச் சொன்னேன், கிளப் ஒன்றை மாற்றிக் கொடுத்தது.

ஊர் கிளப்பின் பதிவில் இப்போது பன்னிரண்டு முதல் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டு பேருக்கு மட்டும் ஏறவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளியில் ஒரு தேதி. திருத்தத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள்.

ஏஜென்ட் தரப்பிலிருந்து பதில் நோட்டீஸுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒப்பந்தப் பணம் கேட்டு வழக்குப் போட மூன்றாண்டு காலவரம்பு உண்டு, முதல் மாதச் சம்பளக் கணக்குக்கே அது 2026 ஆகஸ்டில்தான் முடிகிறது. அதனால் அக்கா எடுத்த அந்தப் படங்களையும் அம்மா எடுத்து வைத்த பணத்தையும் அப்படியே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.